துரைச்சியின் வயிற்றுச் சேவல்

சடையன்பட்டி விலக்கில் பஸ் நிற்பதும் நிற்காததும் டிரைவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது, நாலுவழிச் சாலை வந்த பிறகு மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதும் எங்களுக்கு நிச்சயமில்லை, ஆனால் விலக்கிலிருந்து உள்ளே போகிற சிமெண்டு ரோட்டில் மூன்றாவது வீட்டில் ஒரு நாயின் வயிற்றுக்குள் சேவல் வளர்ந்து கூவியது என்பதில் மட்டும் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. அந்தக் கூவலைக் கேட்டுத்தான் நாங்கள் எழுந்தோம், வாசல் தெளித்தோம், தீப்பெட்டி ஆபீஸுக்கு ஆள் ஏற்றுகிற வண்டி வருவதற்குள் சோற்றைத் தூக்குவாளியில் அடைத்தோம்.

அது தண்ணீர் லாரி ஓட்டுகிற தங்கமாரியின் வீடு. தங்கமாரிக்கு இருந்த பெருமைகள் இரண்டு, ஒன்று ஏழு வயது மகள் கனிஷ்கா, இன்னொன்று நாய்கள். இதில் தான் எங்கே வருகிறேன் என்று அவன் மனைவி சண்முகக்கனி கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டதோடு சரி. நாய்கள் மூன்றும் சிப்பிப்பாறை வம்சம். புல்லட்டும் செவலையும் அண்ணன் தம்பிகள், எது ஓடினாலும் துரத்துவார்கள், ஓடாவிட்டால் ஓடவைத்துத் துரத்துவார்கள். மூத்தவள் துரைச்சி. ஒட்டிய வயிறும் நீண்ட மூஞ்சியுமாக, யார் கூப்பிட்டாலும் உடனே திரும்பிப் பார்க்காமல், யோசித்துவிட்டு மெதுவாகத் திரும்புவாள், அதனாலேயே அந்தப் பெயர். இந்த மூன்று பேரும் இருந்ததால் அந்த வீட்டில் கோழி என்ற பேச்சே கிடையாது. தெருக்கோழிகள் கூட தங்கமாரி வீடு வந்ததும் ரோட்டின் எதிர்ப்பக்கம் மாறி நடந்தன, குஞ்சு பொரித்ததும் தாய்க்கோழி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

கார்த்திகை மழையில் கனிஷ்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை கொடுத்து, அது இறங்காமல், டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் என்னவோ ஒரு அணு குறைந்துகொண்டே போகிறது என்று டாக்டரம்மா சொன்னபோது, அந்த அணு எது, அதை எந்தக் கடையில் வாங்கலாம் என்று தெரியாத சண்முகக்கனி, வராந்தாச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு எங்கள் காட்டுக் கருப்பசாமியைக் கூப்பிட்டாள். "கருப்பா, என் பிள்ளைய எழுப்பிக் குடு. குஞ்சுல இருந்து என் கையால தீனி போட்டு வளத்த சேவல, வார கொடைக்கு ஒனக்கு அறுக்கேன்." அவள் நாய் வளர்க்கிற வீட்டுக்காரி என்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் இல்லை. கருப்பசாமிக்காவது ஞாபகம் இருந்திருக்க வேண்டும், அவர் காலடியிலேயே சிமெண்டில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது.

காய்ச்சல் இறங்கியது. அணு ஏறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒருவன் சைக்கிள் கேரியரில் கூடை வைத்துக் கலர்க்கோழிக்குஞ்சு விற்றுக்கொண்டிருந்தான், பச்சை, மஞ்சள், ஊதா, ரோஸ் என்று சாயத்தில் முக்கியெடுத்த குஞ்சுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. காய்ச்சலில் படுத்ததிலிருந்து கஞ்சி வேண்டாம், பிஸ்கட் வேண்டாம், எதுவும் வேண்டாம் என்று மட்டுமே சொல்லிவந்த கனிஷ்கா, அன்றைக்கு முதல்முறையாகக் கையை நீட்டி, "எம்மா, அந்த ரோஸு" என்றாள்.

சண்முகக்கனி செய்த தப்பு அங்கேதான். பிள்ளை ஒன்றைக் கேட்டுவிட்டாள் என்ற சந்தோஷத்தில், சாமி குஞ்சு வளர்க்கச் சொன்னார், பிள்ளை குஞ்சு கேட்கிறாள், இரண்டுக்கும் இதுவே இருக்கட்டும் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள். நேர்ச்சைக் குஞ்சு தனி, பிள்ளை விளையாடும் குஞ்சு தனி என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். கேட்கிற நிலைமையில் அவள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் நூலில் மஞ்சள் தடவி, சாமிக்கு நேர்ந்த உயிர் என்பதற்கு அடையாளமாகக் குஞ்சின் காலில் கட்டினாள்.

"கொலுசாம்மா?" என்றாள் கனிஷ்கா.

"ஆமா" என்றாள் சண்முகக்கனி, வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

கனிஷ்கா அதற்குப் பஞ்சுமிட்டாய் என்று பெயர் வைத்தாள். விலக்கில் டீக்கடை வைத்திருக்கும் ஜெயக்கொடி வந்து எட்டிப்பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "கலர்க்குஞ்சா? ஏ கனி, சாயத்துல முக்குனது ரெண்டு நாள் தாங்காது. இந்த வீட்ல ஒரு நாளே பெருசு. இது அடுத்த வெள்ளிக்கிழம வரைக்கும் இருந்தா நான் பேர மாத்திக்கிடுதேன்."

இருக்க வேண்டுமே என்று சண்முகக்கனி பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். குஞ்சைப் பஞ்சாரக் கூடைக்குள் வைத்துக் கவிழ்த்து, அதன் மேல் அம்மிக்குழவியைப் படுக்கவைத்து, குளிருக்குக் குண்டு பல்பு ஒன்றை உள்ளே தொங்கவிட்டு, புல்லட்டையும் செவலையையும் கொல்லைப்புறத்தில் முளையடித்துக் கட்டினாள். துரைச்சியைக் கட்டவில்லை; கட்டினால் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள் என்று தங்கமாரி ஒத்துக்கொள்ளவில்லை. படுக்கப் போகும் முன் சண்முகக்கனி கனிஷ்காவின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், பிறகு பஞ்சாரத்துக்குள் கைவிட்டுக் குஞ்சைத் தொட்டுப் பார்ப்பாள். ஒன்று சுடக்கூடாது, ஒன்று குளிரக்கூடாது. இரண்டும் சரியாக இருந்தால்தான் அவளுக்குத் தூக்கம்.

ஒரு மத்தியானம் அவள் குழாயடியில் இருந்தபோது, குஞ்சுக்கு வெயில் காட்டலாம் என்று கனிஷ்கா பஞ்சாரத்தைத் தூக்கினாள். மழையில் ஊறிய மண்ணில் அடித்திருந்த முளை, அண்ணனும் தம்பியும் சேர்ந்து இழுத்த இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வந்தது. பஞ்சுமிட்டாய் வாசலைப் பார்த்து ஓடியது, முளையும் சங்கிலியுமாக இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினார்கள், புல்லட் வாயைத் திறந்துவிட்டான். அதுவரை சுவரில் சாத்தியிருந்த பழைய லாரி டயரின் நிழலில் கண்ணை மூடிப் படுத்திருந்த துரைச்சி எழுந்தாள், இரண்டே எட்டில் குறுக்கே வந்தாள், தலையைக் குனிந்தாள், குஞ்சு இல்லை. கடிக்கவில்லை, மெல்லவில்லை. ஒரே முழுங்கு. பிறகு உதட்டை நக்கிவிட்டுத் திரும்பவும் டயர் நிழலில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கனிஷ்கா அழவில்லை. குழாயடிக்குப் போய், "எம்மா, துரைச்சி பஞ்சுமிட்டாய முழுங்கிட்டா" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் அவள் உடம்பு சுட்டது.

நாய் தின்றது கோழிக்குஞ்சை அல்ல, சாமிக்குச் சொன்ன சொல்லை, என்று அந்த வீட்டில் சண்முகக்கனிக்கு மட்டும்தான் தெரியும். லோடு இறக்கிவிட்டு வந்த தங்கமாரி விஷயத்தைக் கேட்டதும், வாழ்நாளில் முதல்தடவையாகத் துரைச்சியை அடிக்கக் கையை ஓங்கினான். அவள் நகரவில்லை, மெதுவாகத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அப்போது அவள் விலாவுக்குள்ளிருந்து கீச், கீச் என்று சத்தம் வந்தது.

ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. கனிஷ்கா காய்ச்சலோடு எழுந்து வந்து துரைச்சியின் வயிற்றில் காதை வைத்தாள், கேட்டாள், சிரித்தாள். "உள்ள இருக்கு. பசிக்குதாம்" என்றாள். தங்கமாரி உள்ளே போய்க் கம்பு நொய்யை எடுத்துவந்து தட்டில் போட்டான். இறைச்சியைத் தவிர எதையும் முகர்ந்துகூடப் பார்க்காத துரைச்சி, தட்டைச் சுத்தமாக நக்கிவிட்டாள். கீச் நின்றது. கனிஷ்கா இரண்டு தோசை சாப்பிட்டாள், படுக்கும் முன் சண்முகக்கனி நெற்றியைத் தொட்டபோது அது குளிர்ந்திருந்தது.

இதையெல்லாம் கேட்டு வாயைப் பிளக்கிற ஆட்கள் இல்லை நாங்கள். எங்கள் கண்மாயைக் காணாமல் போகச்செய்து அதன் மேல் ரோடு போட்டிருக்கிறார்கள், செத்துப்போன ஆறுமுகத்தாய்க்கு இன்னும் ஆளே இல்லாத ஊரிலிருந்து போன் வருகிறது, இதற்கு நடுவில் ஒரு நாய் வயிற்றில் கோழிக்குஞ்சு இருப்பது பெரிய சங்கதி இல்லை. அதற்கு என்ன தீனி கொடுப்பது என்பதுதான் எங்களுக்குக் கவலை. ஒருத்தி கேழ்வரகு கொண்டுவந்தாள், ஒருத்தி பொட்டுக்கடலை கொண்டுவந்தாள், ஒருத்தி கரையான் புற்றை உடைத்துப் பழைய பானையில் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் துரைச்சி மறுக்காமல் தின்றாள், முகத்தில் மட்டும் ஒரு சலிப்பு இருந்தது. டவுன் கால்நடை டாக்டர் கருவியை வைத்துக் கேட்டார், படம் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், அதில் ஒரு குஞ்சு ஒற்றைக் காலில் நின்று தூங்கிக்கொண்டிருந்தது. "சாப்பிடுதா? வெளிய போகுதா? அப்புறம் என்ன, அடுத்த ஆளை வரச்சொல்லுங்க" என்றார்.

காலை வெயிலில் துரைச்சி வாசலில் உட்கார்ந்து வாயை அகலத் திறந்து வைத்துக்கொள்வாள், முன்னே அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை, உள்ளே இருப்பதற்கும் வெளிச்சம் வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. அப்போது நாக்குக்குப் பின்னாலிருந்து ரோஸ் தலை ஒன்று எழும்பும், பல்வரிசைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும், கனிஷ்கா பள்ளிக்கூடப் பையோடு உட்கார்ந்து அதோடு பேசுவாள், பேசி முடித்ததும் அது இறங்கிப் போய்விடும். "ஏன் வெளிய வர மாட்டேங்குது?" என்று யாராவது கேட்டால், "அதுக்கு வெளிய பயம்" என்பாள் கனிஷ்கா. அருகிலிருக்கும் சண்முகக்கனி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

தையும் மாசியும் போயின. ஒட்டிய வயிறு உருண்டது. லாரியைத் துரத்துவதைத் துரைச்சி விட்டுவிட்டாள், உள்ளே குலுங்குமே. ரோட்டைக் கடக்கும்போது பிள்ளைத்தாச்சி மாதிரி நின்று, இரண்டு பக்கமும் பார்த்து நடந்தாள். புல்லட்டும் செவலையும் அவள் விலாவில் மூக்கை வைத்து முகர்ந்தால் உள்ளிருந்து ஒரு கொத்து விழும், தோலுக்கு மேலேயே அது தெரியும், இரண்டு பேரும் கேவிக்கொண்டு பின்வாங்குவார்கள். பங்குனியில் ஒரு விடியலில் துரைச்சி படுத்த இடத்தில் வாயைத் திறந்தாள், கொக்கரக்கோ என்று வந்தது. அவளே திடுக்கிட்டு, யார் அது என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து ஜெயக்கொடி கடிகாரத்தை நம்பாமல் நாயை நம்பி டீக்கடையைத் திறந்தாள். "என்ன பேரு வச்சிருக்க?" என்று கடைக்கு வந்தவர்களெல்லாம் அவளைக் கேட்டுக் கேட்டு மாய்ந்தார்கள். எதிர்ப்பக்கம் நடந்த தெருக்கோழிகள் இந்தப் பக்கம் வர ஆரம்பித்தன, வெட்கத்தோடு துரைச்சியைச் சுற்றிச் சுற்றி வந்தன, அவள் எழுந்து நடந்தால் பின்னாலேயே வரிசையாக நடந்தன. ஒரு வேட்டைநாய்க்கு இதைவிட அவமானம் கிடையாது. துரைச்சி பொறுத்துக்கொண்டாள்.

வைகாசியில் வருகிற கருப்பசாமி கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால்நாட்டி முடித்த மறுநாள், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற கொம்பையா டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். அவர்தான் எங்கள் கருப்பசாமிக்குப் பூசாரியும் சாமியாடியும், கொடை நாளில் மட்டும் ஆட்டோ ஓட்டமாட்டார். நல்ல மனுஷன், யார் வீட்டில் என்ன நேர்ச்சை என்பதெல்லாம் மனப்பாடம். அன்றைக்குச் சண்முகக்கனி மகளோடு பால் வாங்க வந்திருந்தாள்.

"என்ன தாயி, ஒன் நேர்ச்சைச் சேவல எப்பிடிக் கொண்டு வரப் போற? அது நாய்க்குள்ள இல்லா இருக்கு. அறுக்கணும்னா வெளிய வரணுமே" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்.

கனிஷ்கா அம்மாவைப் பார்த்தாள்.

"எம்மா, அப்ப அது கொலுசு இல்லையா?"

கனிஷ்கா பதிலுக்கு நிற்காமல் தனியாகவே வீட்டுக்கு நடந்தாள், போய் துரைச்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு படுத்தவள் சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. படுக்கும் முன் நெற்றியைத் தொட வந்த அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள்.

நேர்ந்ததைக் கொடுக்காவிட்டால் காய்ச்சல் திரும்பிவிடும் என்று சண்முகக்கனி நம்பினாள், குஞ்சு விழுங்கப்பட்ட அன்று சுட்டதை அவள் கையே தொட்டுப் பார்த்திருக்கிறது. கொடுத்தாலோ பிள்ளை பிழைத்திருப்பாள், ஆனால் தன்னிடம் இருக்கமாட்டாள். இரண்டில் எதைத் தாங்குவது என்று தெரியாமல் அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது அழுதாள்.

ஆளுக்கொரு யோசனை சொன்னோம். வேறு சேவல் வாங்கி விட்டுவிடலாம் என்றான் தங்கமாரி.

"காட்டுன உசுருக்கு மாத்து உசுரு கெடையாது, மாப்ள" என்றார் கொம்பையா.

டவுனில் கொடுத்து வயிற்றைத் திறந்து எடுத்துவிடலாம் என்று எங்களில் யாரோ ஒரு புத்திசாலி சொன்னார்.

"துரைச்சி மேல கத்தி வைக்கதுன்னா மொதல்ல என் மேல வச்சிட்டுப் போங்க" என்றான் தங்கமாரி.

"கத்தி வைக்கவும் ஆகாதுப்பா. சாமி காலடியில இருக்கதும் நாய்தான். நாயக் கீறிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஆட?" என்று கொம்பையா தாடையைச் சொறிந்தார். "நாயோட கொண்டு வாங்க. சாமிகிட்ட உத்தரவு கேப்போம்."

உத்தரவு கேட்பது என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே வழிதான். நேர்ந்த ஆட்டின் மீது, கோழியின் மீது மஞ்சள் தண்ணீரை ஊற்றி, ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமிக்குச் சம்மதம். மூன்று தடவை கேட்கலாம். மூன்று தடவையும் சிலுப்பாமல் நின்றதாக எங்கள் ஞாபகத்தில் எதுவும் இல்லை.

"நாய் மேல தண்ணி பட்டா ஒதறாம கும்பிடவா செய்யும்?" என்றாள் ஜெயக்கொடி. "அண்ணாச்சி, இது கேக்குறதா, முடிவு பண்ணிட்டுக் கேக்குறதா?"

"வழக்கம் அதுதாம்மா" என்றார் கொம்பையா. உத்தரவு கிடைத்ததும் துரைச்சி வாய் திறக்கும்போது சேவலைப் பிடித்து இழுக்க, சாக்கோடு இரண்டு பேரைத் தயாராக வைத்தார்கள்.

அன்றிலிருந்து சாயங்காலமானதும் கனிஷ்கா துரைச்சியைக் குழாயடிக்கு இழுத்துப் போவாள். ஒரு கப் தண்ணீரைத் தலையில் ஊற்றி, "ஒதறாத, துரைச்சி. ஒதறாம நில்லு" என்பாள். துரைச்சி காதிலிருந்து வால்வரை உதறுவாள். கனிஷ்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கப் ஊற்றுவாள், துரைச்சி உதறுவாள். திட்டிப் பார்த்தாள், பிஸ்கட் கொடுத்துப் பார்த்தாள், உடம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள், பிடித்தால் இரண்டு பேரும் சேர்ந்து உதறினார்கள். தண்ணீர் பிடிக்க வந்த நாங்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றோம், யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கொடைக்கு முந்தின சாயங்காலம் வரை துரைச்சி ஒரு தடவைகூட உதறாமல் நிற்கவில்லை.

கொடை மத்தியானம். மேளம் அதிர்ந்தது, பொங்கல் பானைகள் பொங்கிவிட்டன, முன்னால் நின்ற ஆடுகளும் சேவல்களும் ஒவ்வொன்றாகச் சிலுப்பி உத்தரவு கொடுத்துவிட்டுப் போயின. கடைசியாகத் துரைச்சியைக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் கதம்பமாலை, நெற்றியில் மஞ்சள், வயிறு ரொம்பப் பெரிதாக. சங்கிலி இல்லாமல் தானாகவே நடந்துவந்து கருப்பசாமிக்கு முன்னால் நின்றாள். கொடைக்காகப் புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்த சிமெண்டு நாயும் அவளும் எதிரெதிரே பார்த்துக்கொண்டார்கள்.

கொம்பையா குடத்தைத் தூக்கினார். "கருப்பா, சண்முகக்கனி நேந்த சேவல் இது. ஏத்துக்கிடுதியா, சொல்லு" என்று ஊற்றினார்.

தண்ணீர் துரைச்சியின் தலையில் விழுந்து முதுகில் ஓடி வயிற்றுக்கு அடியில் சொட்டியது. அவள் உதறவில்லை.

சாக்குக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொம்பையா இரண்டாம் தடவை கேட்டு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினார். காது மடலின் நுனியில் ஒரு துளி உருண்டு நின்றது, அது விழுகிறவரை நாங்கள் அதையே பார்த்தோம், விழுந்தது, அவள் காதைக்கூட அசைக்கவில்லை. மேளக்காரர் அடிப்பதை எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை. மூன்றாம் தடவை கொம்பையாவின் குரல் இறங்கிவிட்டது, கேட்டு முடிக்கும் முன்பே குடத்தைச் சாய்த்துவிட்டார். கண் இமையில் தண்ணீர் வடிய வடியத் துரைச்சி சிமெண்டு நாயைப் பார்த்தபடி நின்றாள்.

"வேண்டாம்னுட்டான்" என்றார் கொம்பையா. அவருக்கே அவர் குரல் புதிதாக இருந்தது. "இப்பிடி ஒண்ண நான் பாத்ததில்ல."

எல்லோரும் மூச்சை விட்டோம், சண்முகக்கனியைத் தவிர. சேவல் வேண்டாம் என்றால் வேறு என்ன வேண்டும் என்று அவள் நினைத்தாள். கொடுப்பதை வாங்க மாட்டேன் என்று சொல்கிறவன், கொடுத்ததைத் திருப்பிக் கேட்பானோ? கனிஷ்கா கூட்டத்தின் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள், அவள் முகம் வெயிலில் சிவந்திருந்தது, வெயிலில்தானா என்று சண்முகக்கனிக்குத் தெரியவில்லை. சண்முகக்கனி விறுவிறுவென்று உள்ளே நடந்தாள். உத்தரவு கேட்கிற இடத்துக்குப் பொம்பளைகள் போவதில்லை, அதை எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கொம்பையாவின் கையிலிருந்து குடத்தை வாங்கி, அடியில் மிச்சமிருந்ததை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டாள்.

"கருப்பா, நான் பயந்துபோய் நேந்தேன். பயத்துல என்ன பேசுனேன்னு எனக்கே தெரியல. நீ கேட்டதக் குடுத்துட்ட. இப்ப நான் தாரத நீ வாங்க மாட்டேங்க. அதுக்குப் பதிலா எம்பிள்ளயத் திருப்பிக் கேப்பியோன்னு என் நெஞ்சு கெடந்து அடிக்கி." மற்றக் கையால் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்பிடி இல்ல, பிள்ளையும் இருக்கட்டும், அவ சேவலும் இருக்கட்டும், ரெண்டும் எங்கிட்டயே இருக்கட்டும்னு நீ நெனைச்சா, எனக்கு இப்பச் சொல்லிரு. இனிமே என்னால பயப்பட முடியாது."

உள்ளங்கைத் தண்ணீரைத் துரைச்சியின் தலையில் விட்டாள். ஒரு வாய்த் தண்ணீர்கூட இருக்காது.

துரைச்சி மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். பிறகு உதறினாள். காதில் ஆரம்பித்துக் கழுத்து, முதுகு, வயிறு, வால்நுனி வரை, மூன்று தடவை ஊற்றிய தண்ணீரையும் சேர்த்து வைத்திருந்து உதறுவதுபோல உதறினாள், மஞ்சள் தண்ணீர் கொம்பையாவின் மேல் அடித்தது, அரிவாளின் மேல் அடித்தது, சாக்குக்காரர்களின் மேல், மேளத்தின் மேல், ஜெயக்கொடி கொடைக்கென்று எடுத்த புதுச்சேலையின் மேல், எங்கள் எல்லோர் மேலும் அடித்தது. கனிஷ்கா நனைந்துபோய் ஓவென்று கத்திச் சிரித்தாள். மேளக்காரர் என்ன அடிக்கிறோம் என்று தெரியாமல் அடித்தார். தங்கமாரி, நாலு பேர் பார்க்கிறார்களே என்ற நினைப்பே இல்லாமல் அழுதான்.

உதறி முடித்ததும் துரைச்சிக்கு ஒரு கொட்டாவி வந்தது. வாய் திறந்தது, இன்னும் திறந்தது, முதலில் மஞ்சள் நூல் கட்டிய ஒரு கால் வெளியே வந்து கீழ்த்தாடையில் ஊன்றி நின்றது, பிறகு இன்னொரு கால், பிறகு கொண்டையிலிருந்து வால் இறகு வரை சாயம் ஒரு சொட்டு வெளுக்காத முழு ரோஸ் கலர்ச் சேவல் ஒன்று வாசற்படி இறங்குவதுபோல மண்ணில் இறங்கியது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கனிஷ்காவின் காலடிக்குப் போய் அவள் செருப்பைக் கொத்தியது.

சண்முகக்கனி கீழே உட்கார்ந்து அதன் காலைப் பிடித்து, நூலின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். நூலைக் கருப்பசாமியின் காலடியில், சிமெண்டு நாயின் பாதத்தின் மேல் வைத்தாள்.

"கொலுசக் கழத்திட்டியே" என்றாள் கனிஷ்கா.

"நெசக் கொலுசே வாங்கிப் போடுவோம்ட்டி, ஒனக்கும் அதுக்கும்" என்றாள் சண்முகக்கனி. கனிஷ்கா அம்மாவின் முதுகில் தொற்றி ஏறிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாப்பாட்டில் எல்லோரும் இரண்டு மடங்கு சாப்பிட்டோம், பொங்கலில் உப்பு இல்லை என்பதைக்கூட ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் புல்லட்டும் செவலையும் சேவலை ஒரு பார்வை பார்த்தார்கள், சேவல் அவர்களை ஒரு பார்வை பார்த்தது, அண்ணனும் தம்பியும் ரோட்டின் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள். துரைச்சி வீட்டுக்கு வந்ததும் தங்கமாரி வைத்த எலும்பை அத்தனை மாதத்துப் பசியோடு கடித்தாள், கம்பு நொய்யைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருட்டியதும் சேவல் பஞ்சாரத்தைச் சுற்றிப் பார்த்தது, பிடிக்கவில்லை, துரைச்சியின் முன்னங்கால்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் விடியலில் அது வாசலில் நின்று கூவியது. நடுவில் தோலும் சதையும் இல்லாத கூவல், முன்னைவிடச் சத்தமாக வந்தது, ஜெயக்கொடி அடுப்பைப் பற்றவைத்தாள். சண்முகக்கனி கண் விழித்து, கையை நீட்டி எழப்போனவள் பாதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நேற்றுப் படுக்கும் முன் கனிஷ்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவே அவள் மறந்து தூங்கிப்போயிருந்தாள்.